மூன்று பள்ளிக்கூடம், ஒரு பிள்ளை

என் மூத்தவன் 2024இல் உயர்நிலை மூன்று படித்தபோது வாரத்துக்கு மூன்று பள்ளிக்கூடங்களுக்குப் போய்வந்தான். காலையில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் அவனுடைய சொந்தப் பள்ளி. திங்கள், புதன் பிற்பகலில் தமிழ் வகுப்புக்கு இன்னொரு பள்ளி, ஏனென்றால் அவன் பள்ளியில் தமிழ் கிடையாது. செவ்வாய், வியாழனில் மின்சாரத் தொழிற்பயிற்சிக்காக ஈசூனில் மூன்றாவது பள்ளி. கேட்கிறவர்கள் "அடேயப்பா" என்பார்கள். நானும் முதல் மாதம் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த ஆண்டு முடிவதற்குள் கிட்டத்தட்ட 700 வெள்ளியும், சம்பளமில்லாத மூன்று அரைநாள் விடுப்பும், கணக்கில் சேராத தூக்கமும் போயின. பயிற்சியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது அவனுக்கு நல்லதுதான் செய்தது. அதைச் சுற்றி நடந்த குழப்பத்தில் நான் தனியாக முட்டிக்கொண்டது போல இன்னொரு அம்மா முட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான்.

முதலில் பின்னணி. அவன் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு மாணவன், அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களுக்கான, செயல்முறைப் படிப்பு கூடுதலாக உள்ள பிரிவு. இதை எழுதும்போதுகூட எனக்குள் ஒரு சின்னக் குறுகுறுப்பு இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த அன்று நான் கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதவள். இந்தப் பிரிவுப் பிள்ளைகள் பெரும்பாலும் அடுத்துப் போகும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் சுருக்கப் பெயர் ஐடிஇ. அந்த மூன்றெழுத்துக்கு "இத்தோடு எல்லாம் முடிந்தது" என்று ஆங்கிலத்தில் ஒரு கேலி விரிவாக்கம் உண்டு, சிங்கப்பூரில் அதைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. என் மாமியார் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. "வயர் இழுக்கற வேலைக்கா இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைக்கிறீங்க?" என்றார், அவ்வளவுதான். கணவருக்குத் துவாஸில் ஷிப்ட் வேலை, பாதி நாள் அவர் வரும்போது நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம். ஆகவே பள்ளி விஷயம் முழுக்க என் தலையில்.

2023 இறுதியில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். எங்கள் பள்ளியில் மின் பட்டறை இல்லை, ஈசூன் பள்ளியில் இருக்கிறது. அங்கே உபசரிப்புத் துறைப் பயிற்சிக்கான சமையற்கூடம் இல்லை, அது வேறொரு பள்ளியில் இருக்கிறது. அதனால் மூன்று பள்ளிகளும் சேர்ந்து பிள்ளைகளைப் பகிர்ந்துகொள்வதாக ஏற்பாடு. யோசித்தால் நியாயமான ஏற்பாடுதான். ஒரு பட்டறை போடப் பெரும் பணம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும், தொழில் தெரிந்த பயிற்றுநர் வேண்டும். ஒரு பள்ளியில் எட்டுப் பிள்ளைகள்தான் அந்தப் பாடத்தைக் கேட்கிறார்கள் என்றால் அந்த எட்டுப் பேருக்காக யார் அதைச் செய்வார்கள்? மூன்று பள்ளி எட்டு சேர்ந்தால் ஒரு வகுப்பு. நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதும் இல்லை. தமிழ் இல்லாத பள்ளிகளின் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியிலோ பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்திலோ சேர்ந்து படிப்பது பல ஆண்டு வழக்கம். நானும் அப்படிப் படித்தவள்தான். பள்ளி முடிந்ததும் பேருந்தில் வேறு பள்ளிக்குப் போய், பெயர் தெரியாத பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் படித்த ஞாபகம் இருந்ததால்தான் தைரியமாகத் தலையாட்டினேன்.

அன்று கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, உட்லண்ட்ஸில், ஸ்பெக்ட்ரா உயர்நிலைப் பள்ளி 2014 முதல் இருக்கிறது. ஜூரோங் ஈஸ்டில் கிரெஸ்ட் அதற்கு ஓராண்டு முன்பே வந்துவிட்டது. இரண்டும் தொழில்நுட்பப் பிரிவு மாணவர்களுக்காகவே தொடங்கப்பட்டவை. தொழிற்பயிற்சியும் பாடமும் ஒரே கூரைக்குக் கீழே. உயர்நிலை ஒன்றில் சேரும்போதே இதை நான் யோசித்திருக்க வேண்டும். "அந்தப் பள்ளிக்கா?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்ற கௌரவம்தான் தடுத்தது. கௌரவத்துக்கும் பேருந்துக் கட்டணம் உண்டு என்பது பிறகு தெரிந்தது.

ஜனவரியில் பயிற்சி தொடங்கியது. முதல் செலவு காலணி. பட்டறைக்குப் பாதுகாப்புக் காலணி வேண்டும் என்று மகன் வாய்மொழியாகச் சொன்னான். முஸ்தபா கடையில் கறுப்பாகக் கனமாக ஒன்று பார்த்து 46 வெள்ளிக்கு வாங்கினேன். விரலுக்கு மேல் உலோக மூடி இல்லை என்று பட்டறையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் 58 வெள்ளி. பிறகு மின் அளவி ஒன்று வேண்டும் என்று அவனே முடிவு செய்து இணையத்தில் 35 வெள்ளிக்கு வரவழைத்தான். பட்டறையில் ஆளுக்கொன்று இருந்தது. இதில் அவனைத் திட்ட எனக்கு உரிமை இல்லை, பொருள் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்காதது நான்தான். பயிற்சிக் கட்டணம் எடுசேவ் கணக்கிலிருந்து போனது. உயர்நிலை மாணவருக்கு அரசாங்கம் ஆண்டுக்கு 290 வெள்ளி அதில் போடுகிறது, நம் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை என்றுதான் தோன்றும். காலணி, போக்குவரத்து எல்லாம் எங்களுக்கு அதில் வரவில்லை. உங்கள் பிள்ளைக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் எது எடுசேவில் கழியும், எது கையிலிருந்து போகும், நிதி உதவித் திட்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு எது இலவசம் என்பதை முதல் வாரமே பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கேட்டால்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது சோறு. இதைச் சின்ன விஷயம் என்று நினைத்தேன். 1.45க்கு மணி அடிக்கும், 2.30க்கு ஈசூனில் இருக்க வேண்டும். நடுவில் பேருந்து. அவன் போய்ச் சேரும்போது அந்தப் பள்ளியின் உணவகத்தில் கடைகள் எல்லாம் துடைத்துக் கவிழ்த்திருக்கும். தன் பள்ளியில் சாப்பிட்டுவிட்டுப் போனால் பேருந்து போய்விடும். முதல் மூன்று வாரம் காலை இடைவேளையில் தின்றதோடு மாலை ஐந்து மணி வரை இருந்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் சிடுசிடு என்பான், நான் வயசுக் கோளாறு என்று நினைத்தேன். ஒரு நாள் பையைக் கவிழ்த்தபோது நான்கைந்து பிஸ்கட் உறை விழுந்தது. அதன் பிறகு செவ்வாயும் வியாழனும் எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான். ஈசூன் பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவர்கள் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். விருந்தாளிப் பிள்ளைக்குத்தான் பசி.

இந்த விருந்தாளி என்ற சொல்தான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது. கல்யாணமான புதிதில் பெண்ணுக்கு இரண்டு வீடு. "அங்கே சாப்பிட்டிருப்பா" என்று தாய்வீடும், "இங்கே வர்றதுக்கு முன்னாடி சாப்பிட்டிருப்பா" என்று புகுந்த வீடும் நினைக்கும், அவள் பட்டினி கிடப்பாள். என் மகன் கதையும் அதுதான். அன்று முதல் அவனுடைய சொந்தப் பள்ளியைத் தாய்ப்பள்ளி என்றும் ஈசூன் பள்ளியைப் பட்டறைப் பள்ளி என்றும் வீட்டில் அழைக்கிறோம்.

பெரிய அடி இரண்டாம் தவணையில் விழுந்தது. மார்ச் விடுமுறை முடிந்து வந்ததும் பட்டறைப் பள்ளி செவ்வாய் வகுப்பைப் புதனுக்கு மாற்றிவிட்டது. அவர்களுக்கு அந்தக் கூடம் செவ்வாயில் வேறெதற்கோ தேவைப்பட்டது. தங்கள் பிள்ளைகளின் பெற்றோருக்குச் செய்தி அனுப்பினார்கள். பள்ளிகள் பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் எங்களுக்கு வருவதெல்லாம் தாய்ப்பள்ளி அனுப்புவது மட்டும்தான். தாய்ப்பள்ளியில் இந்த ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்ட ஆசிரியை பிரசவ விடுப்பில் போயிருந்தார், அவர் இடத்துக்கு வந்தவருக்கு விஷயம் கைமாறவில்லை. புதன்கிழமை தமிழ். என் மகனுக்கோ பட்டறைதான் உயிர். யாரிடமும் சொல்லாமல் தமிழ் வகுப்பைக் கழற்றிவிட்டான். திங்கட்கிழமை தமிழ் ஆசிரியர் கேட்டால் "ஸ்கூல்ல புரோகிராம் சார்" என்பான். அது பொய்யும் இல்லை. பள்ளியிலிருந்து கடிதம் வரும் என்று அவரும் காத்திருந்திருக்கிறார்.

மே மாதத் தொடக்கத்தில் அவரே அழைத்தார். நான் கிளினிக் கவுண்டரில் இருந்தேன், வரிசையில் ஏழெட்டுப் பேர். "அம்மா, தம்பி புதன்கிழமை வகுப்புக்கு ஆறு வாரமா வரலை. உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "தெரியும் சார், பேசறேன் சார்" என்று வைத்துவிட்டேன். அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் புளோக்குக்குக் கீழே வெற்றுத்தளத்துக் கல் நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை மீது கோபம், பள்ளிகள் மீது கோபம், எல்லாவற்றையும் விட, பேப்பரில் கையெழுத்துப் போட்டதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்த என் மீது.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுத் தாய்ப்பள்ளிக்குப் போனேன். அவர்கள் பதிவேட்டில் என் மகன் புதன்கிழமை தமிழ் வகுப்பில் இருந்தான். பட்டறைப் பள்ளிப் பதிவேட்டில் பட்டறையில் இருந்தான். தமிழ் ஆசிரியர் பதிவேட்டில் மட்டும்தான் இல்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆள் அன்று வரை ஒருவரும் இல்லை. யாரும் அலட்சியமாக இல்லை, அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்திருந்தார்கள், அதுதான் கொடுமை. கடைசியில் தமிழ் வகுப்பை வெள்ளிக்கிழமைப் பிரிவுக்கு மாற்றினார்கள். வெள்ளியன்று அவனுக்கு இணைப்பாட நடவடிக்கை, அதில் பாதி நேரம் போனது. விட்ட பாடத்தைப் பிடிக்கத் தனி வகுப்பு, பத்து மணி நேரம், மணிக்கு 40 வெள்ளி. அடிப்படைத் தமிழ்தானே, எளிதுதானே என்பார்கள். ஆறு வாரம் விட்டவனுக்கு எதுவும் எளிது இல்லை. இடையில் நேரம் முட்டும்போதெல்லாம் வாடகைக் கார், அது மொத்தம் 150 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரின் மேசை மின்விசிறி நின்றுபோனது. மகன் பிளக்கைத் திருகிக் கழற்றி எண்ணெய்த் துணி விரித்த மேசையில் வைத்தான். வயரின் மேல்தோலைக் கத்தியால் சுற்றிக் கீறி, இழுக்காமல் முறுக்கி எடுத்தான். உள்ளே மூன்று நிறம். "பாட்டி, பிரவுன்ல கரண்ட் வரும், புளூ திரும்பிப் போறது, பச்சை மஞ்சள் எர்த்." செம்புக் கம்பிகளை முறுக்கி, மடித்து, திருகுக்குள் விட்டு, வெளியே ஒரு நூலிழைகூட நீட்டவில்லையா என்று பிளக்கை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவன் அப்பாவைக் கண்டேன். மாமியார் சுவரைக் காட்டி, அங்கே விளக்கு சுவிட்சும் ஆடுகிறது, அதையும் பார் என்றார். "அது முடியாது பாட்டி. சுவத்துக்குள்ள இருக்கறதை லைசென்ஸ் இருக்கறவங்கதான் தொடணும்." எங்கள் புளோக் எண்பதுகளில் கட்டியது. 2009இல்தான் இங்கே வயர் நிறங்களை மாற்றினார்களாம். பழைய முறையில் சிவப்பில் மின்சாரம் வரும், கறுப்பு திரும்பிப் போகும். மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) இணைப்பில் நீலத்திலும் மின்சாரம் வரும். புதிய முறையில் அதே நீலம் திரும்பிப் போகிற வயர். பழைய கட்டடத்தில் நிறத்தை மட்டும் நம்பிக் கை வைத்தால் ஆபத்து என்று பதினைந்து வயதுப் பிள்ளை சொல்லிக்கொடுத்தான். மாமியார் அதன் பிறகு வயர் இழுக்கும் வேலை என்று சொல்லவில்லை. தெரிந்தவர்கள் வந்தால் விசிறியைக் காட்டுகிறார்.

ஆகஸ்டில் இன்னொன்று. வியாழன் மாலை 5.15க்குப் பட்டறையில் கத்தி நழுவி இடது ஆள்காட்டி விரலில் வெட்டு. ஆழம் இல்லை. பயிற்றுநர் கட்டுப்போட்டு, என்னை அழைக்கப் பார்த்திருக்கிறார். அவர் கையில் இருந்த பட்டியலில் என் கணவரின் பழைய எண், உயர்நிலை ஒன்றில் கொடுத்தது. நாங்கள் எண் மாறியதைத் தாய்ப்பள்ளியில் சொல்லியிருந்தோம், பட்டறைப் பள்ளிக்கு அது போகவில்லை. தாய்ப்பள்ளி அலுவலகம் மூடியாகிவிட்டது. என் மகனே அவனுடைய கைப்பேசியிலிருந்து அழைத்தான். சிரித்துக்கொண்டேதான் பேசினான். பரவாயில்லை, விரல் ஆறிவிட்டது. ஆனால் மயங்கி விழுந்திருந்தால்? பிள்ளை போகிற ஒவ்வொரு இடத்திலும் உங்கள் எண், ஒவ்வாத மருந்து, ஏற்கெனவே உள்ள நோய் மூன்றையும் நீங்களே நேரில் எழுதிக் கொடுங்கள். ஒரு பள்ளியில் கொடுத்தால் மற்றதற்குப் போய்விடும் என்று நம்பாதீர்கள். விபத்துக் காப்பீடு எந்தப் பள்ளியின் பொறுப்பு, வழியில் பேருந்தில் ஏதாவது நடந்தால் அடங்குமா என்றும் கேளுங்கள். அதற்கு எனக்குப் பதில் வர இரண்டு வாரம் ஆனது, ஆனால் எழுத்தில் வந்தது.

அதன் பிறகு நான் இரண்டு வேலை செய்தேன், இரண்டும் ஆண்டின் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டியவை. ஒன்று, மூன்று பள்ளி ஆசிரியர்களையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து எழுதினேன். நீளமாக இல்லை, நான்கு வரி. இந்தப் பிள்ளைக்கு இந்தக் கிழமை இந்த நேரம் இந்த இடம், எது மாறினாலும் மற்ற இருவருக்கும் எனக்கும் சொல்லுங்கள், முதலில் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு பெயர் கொடுங்கள். வாட்ஸ்அப் குழு வேண்டாம் என்று ஓர் ஆசிரியர் மெதுவாகச் சொன்னார், அதுவும் சரிதான், அவர்களுக்கும் வீடு இருக்கிறது. மின்னஞ்சல் போதும். இரண்டு, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள். ஞாயிறு இரவு மகன் தானே அதை நிரப்ப வேண்டும், நான் படிப்பேன். தாளில் கள்ளம் செய்ய முடியாது என்று இல்லை, செய்யலாம். ஆனால் தன் கையெழுத்தில் எழுதுவதால் கொஞ்சம் கூச்சம் வருகிறது.

உயர்நிலை நான்கில் தலைவலி குறைவு. அந்த ஆண்டின் நடுவில் ஐடிஇக்கான முன்கூட்டிய சேர்க்கைக்கு விண்ணப்பித்தான். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே ஆர்வத்தையும் திறமையையும் பார்த்து நிபந்தனையோடு இடம் தருவது அது. அப்போதுதான் தெரிந்தது, அவன் செய்த வேலைக்கு ஆதாரம் எதுவும் எங்களிடம் இல்லை. அவன் கட்டிய சுற்றுப்பலகைகளைத் தவணை முடிந்ததும் பிரித்து அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். அவன் வேலையைப் பார்த்தவர் பட்டறைப் பள்ளிப் பயிற்றுநர், நற்சான்று எழுதுவது தாய்ப்பள்ளி. நல்லவேளை, அவன் நண்பன் ஒருவனின் கைப்பேசியில் ஏழு படங்கள் இருந்தன. முடித்த ஒவ்வொரு வேலையையும் தேதியோடு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பிசகிப் போனதையும் சேர்த்து. நேர்முகத்தில் அவனிடம் அதிகம் கேட்டது ஒரு சுவிட்ச் ஏன் வேலை செய்யவில்லை, எப்படிக் கண்டுபிடித்தான் என்பதைப் பற்றித்தானாம். இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தப் பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு யாரும் வீட்டு மின்வேலை செய்ய முடியாது. அதற்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும், அது இன்னும் பல படி தாண்டி. சில பெற்றோர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

2026 ஜனவரியில் ஐடிஇயில் சேர்ந்தான். முன்பு அவனைப் போன்ற பிள்ளைகள் ஐடிஇயின் முதல் நிலைச் சான்றிதழான நைடெக் முடித்துத் தகுதி பெற்றால்தான் அடுத்த நிலையான ஹையர் நைடெக் போக முடியும், 2022 முதல் படிப்படியாக நேரே ஹையர் நைடெக் தரும் மூன்றாண்டுப் படிப்பாக அதை மாற்றத் தொடங்கினார்கள். காலையில் ஒரே இடத்துக்குப் போகிறான், ஒரே இடத்திலிருந்து வருகிறான். அங்கே உணவகம் மாலை வரை திறந்திருக்கிறது. அதைத்தான் முதல் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்போது சின்னவளின் முறை. உயர்நிலை இரண்டு. அவள் காலத்தில் வழக்கநிலை போன்ற பிரிவுகளே இல்லை. 2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஜி1, ஜி2, ஜி3 என்று பாடத்துக்குப் பாடம் தனித்தனி நிலை, 2027 முதல் வழக்கநிலை, சாதாரண நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே சான்றிதழ். நல்ல மாற்றம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கலவை என்றால் பக்கத்துப் பள்ளிக்குப் போய்ப் படிக்கும் பிள்ளைகள் குறைவார்களா, கூடுவார்களா? அவளுக்கு உபசரிப்புத் துறைப் பயிற்சி வேண்டுமாம். சமையற்கூடம் இருப்பது ஈசூனில் இல்லை, முன்பு சொன்ன அந்த வேறொரு பள்ளியில். விருப்பப் படிவம் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: எந்தக் கிழமை, தமிழோடு முட்டுமா, மாறினால் யார் சொல்வார்கள், மதியம் எங்கே சாப்பிடுவாள். திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்பினேன். மூன்றுக்குப் பதில் வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு இன்னும் வரவில்லை, எலுமிச்சை வாங்கி வைத்திருக்கிறேன்.